கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை அவளிடம் சொல்ல வேண்டுமா?

கடலோரத்தான்:
ஊர் தூத்துக்குடி, வேலை ஓசூரில், வயது 27. தை மாதம் கல்யாணம். கல்லூரி நாளிலிருந்து ஆபாசப் படம் பார்க்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்வேன், பத்து நாள் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. உடம்பைப் படைத்தது கடவுள்தானே, அதைப் பார்ப்பது எப்படிப் பாவமாகும்? நடிப்பவர்களும் கையெழுத்துப் போட்டு, காசு வாங்கிக்கொண்டுதானே நடிக்கிறார்கள்? யாருக்கு என்ன நஷ்டம்? நிச்சயமான பெண்ணிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வார்டு அக்கா:
தம்பி, நான் 19 வருடமாக நர்ஸ். எழுந்திருக்க முடியாதவர்களுக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவோம். முதல் வேலை, கட்டிலைச் சுற்றித் திரையை இழுப்பது. கையைத் துடைக்கும்போது கை மட்டும் வெளியே இருக்கும், மற்றதெல்லாம் போர்வைக்குள். ஈரம் ஒற்றிக் கையை மூடிய பிறகுதான் அடுத்த இடம். நினைவே இல்லாதவருக்கும் இப்படித்தான். அசிங்கம் என்றா மூடுகிறோம்? அந்த உடம்பு ஒரு ஆளுடையது, அதனால்தான்.

ஒருநாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பையன் திரை இடுக்கில் போனை நீட்டினான். உள்ளே எழுபது வயது அம்மா, சுயநினைவு இல்லை. அவருக்கு வலிக்கவில்லை, தெரியவும் இல்லை. நஷ்டம் இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா? அந்தப் போனைப் பிடுங்கியபோது என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கையெழுத்து என்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாரிடமும்தான் கையெழுத்து வாங்குகிறோம். அதற்காகத் திரையைத் திறந்துபோட்டுவிடுவோமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2354-ஆம் எண்ணைப் படியுங்கள். இருவருக்கு மட்டுமான அந்தரங்கத்திலிருந்து உறவைப் பிரித்தெடுத்து மூன்றாம் ஆளுக்குக் காட்டுவதுதான் ஆபாசம் என்று அங்கே இருக்கிறது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் எல்லாருடைய மாண்பும் அதில் காயப்படுகிறது என்கிறது. உடம்பு கெட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-லிருந்து 1984 வரை புதன்கிழமை உரைகளில் மனித உடலைப் பற்றித்தான் தொடர்ந்து பேசினார். மைக்கலாஞ்சலோ வரைந்த நிர்வாண உருவங்கள் நிறைந்த சிஸ்டைன் சிற்றாலயத்தை, 1994-ல் மனித உடலின் இறையியலுக்கான திருத்தலம் என்று சொன்னவரும் அவர்தான்.

அவளிடம் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. கல்யாணமாகி நாலு வருடம் கழித்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். பார்த்ததைவிட மறைத்ததுதான் என்னை அறுத்தது.

மரியான்:
அக்கா சொன்னது சரி. ஆனால் தம்பி, எல்லா விவரத்தையும் அந்தப் பெண்ணின் தலையில் கொட்டாதீர்கள். பழக்கம் இருக்கிறது, விடப் பார்க்கிறேன் என்றால் போதும். மீதியை ஃபாதரிடம் சொல்லுங்கள், ஒரே ஃபாதரிடம். நான் ஆள் மாற்றி மாற்றிப் போனவரைக்கும் எதுவும் நகரவில்லை. பழக்கத்தின் பிடி குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம் என்று அதே மறைக்கல்வி நூலில் சுய இன்பத்தைப் பற்றிப் பேசும் 2352-ஆம் எண்ணிலேயே இருக்கிறது. அதை ஃபாதர் காட்டிய அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை, திரும்ப எழுந்திருக்க அது உதவியது. இரவில் போன் அடுப்படியில் இருக்கும். காலையில் எழுப்ப ஒரு சாவிக் கடிகாரம் வாங்கினேன். இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

கடலோரத்தான்:
அக்கா, நேற்றிரவு போனைக் கையில் எடுத்ததும் அந்த அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. கீழே வைத்துவிட்டேன். ஒரு இரவுதான், தெரியும். அண்ணே, கடிகாரம் வாங்கிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் தனியாக ஒரு விஷயம் பேச வேண்டும் என்று அவளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். "பயமுறுத்தாதீங்க, என்ன விஷயம்?" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.

வார்டு அக்கா:
ஞாயிறுவரை அவளைக் காக்க வைக்காதீர்கள் தம்பி. இன்றைக்கே கூப்பிடுங்கள்.