"மா" எல்லா மொழியிலும் ஒரே வேரா, தற்செயலா?

காவேரிப்பட்டணம் தோப்பு:
வணக்கம். சீசன் நேரத்தில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் நின்றால் ஒரே காலையில் நாலு மொழி காதில் விழும். போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் பெங்களூரா ரக மாங்காய்க் குவியலைக் காட்டி "மாவு எஷ்டு?" என்றார். லோடு ஏற்ற வந்த பையன் ஊருக்குப் புதுசு, ரொம்ப மரியாதையாக "மாவு மில்லு அந்தப் பக்கம் சார்" என்று வழி காட்டினான். கன்னடத்தில் மாவு என்றால் மாங்காய். நமக்கு அது இட்லிக்கு அரைப்பது.

அன்றிலிருந்து இது மண்டையைக் குடைகிறது. தமிழிலேயே மா என்றால் மாமரம், விலங்கு, குதிரை, அரைத்த மாவு, பெரிய, நில அளவு, இருபதில் ஒரு பங்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது. போதாததற்கு மகளை "வாம்மா" என்கிறோம். தெலுங்குக்காரர் "மா ஊரு" என்கிறார். இந்தியில் தாய், சீனத்திலும் தாய்தானாம். என் மச்சான் "எல்லாம் இங்கிருந்து போனதுதான்" என்று அடித்துச் சொல்கிறார். அப்படி இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் ஆதாரம் வேண்டுமே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தளி ரோடு:
அண்ணா, எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். தெலுங்கு "மா" என்பது "எங்கள்". கேட்கிற ஆளைச் சேர்க்காத எங்கள். உங்களையும் சேர்த்துச் சொன்னால் "மன ஊரு", நம்ம ஊர். மாம்பழத்துக்கு எங்களிடம் மாமிடி, அதனால் மண்டியில் குழப்பம் வராது. மாவுக்கு பிண்டி.

ஓசூர் மெஷின் ஷாப்:
கம்பெனி வேலையாக வியட்நாம் போய் சில மாதம் தெற்கே தங்கியிருந்தேன். வியட்நாமிய மொழியில் "மா" ஒன்றல்ல, ஆறு. குரலை ஏற்றியோ இறக்கியோ, நடுவில் உடைத்தோ, கீழே அழுத்தியோ சொல்வதைப் பொறுத்து பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று மாறும். அம்மாவைக் கூப்பிடுவதாக நினைத்துக் குரலை ஏற்றாமல் சமமாக வைத்தால் பேயைக் கூப்பிட்டதாகிவிடும். தாய்லாந்து மொழியில் சமமாகச் சொன்னால் வா, குரல் மேலே நின்றால் குதிரை, கீழிருந்து ஏறினால் நாய். சீனத்தில் நாலு தொனி: அம்மா, சணல், குதிரை, திட்டு. அது போக, வாக்கியக் கடைசியில் ஒரு மா போட்டால் கேள்வி, நம்ம "வந்தானா"வில் வரும் ஆ மாதிரி.

இதில் எனக்கும் ஒரு சந்தேகம். நம்ம நிகண்டிலும் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை. இது எப்படித் தற்செயலாகும்?

பழையபேட்டை:
அரபியில் மா என்றால் "என்ன", "எது". பெயர் கேட்க "மா இஸ்முக?" அதே மா வினைச்சொல்லுக்கு முன்னால் வந்தால் "இல்லை" என்றும் ஆகும்: "மா கதப", அவன் எழுதவில்லை. குழந்தையைப் பார்த்ததும் நம்ம ஊரில் எல்லாருமே சொல்கிற மாஷா அல்லாஹ்வில் முதலில் நிற்பதும் இந்த மாதான், "அல்லாஹ் நாடியது எதுவோ அது" என்று வரும். தண்ணீருக்கும் மா உண்டு, ஆனால் கடைசியில் தொண்டையை ஒரு நொடி அடைக்க வேண்டும். எங்கள் வீட்டு உருதில் தாயைக் குறிக்கும் மாவை மூக்கால் சொல்வோம். இவற்றையெல்லாம் ஒரே வேர் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை பாய்.

தருமபுரி தமிழாசிரியை:
நல்ல கேள்வி, நிதானமாகவே எழுதுகிறேன்.

ஒரு மெய், ஒரு உயிர், அவ்வளவுதான் இந்தச் சொல். உலகத்தில் பெரும்பாலான மொழிகளில் மகரமும் உண்டு, அகரமோ ஆகாரமோ உண்டு. சின்ன அசைகள் கொஞ்சம்தான் இருக்கின்றன, நான், என், இல்லை, ஆனால், வா போன்ற அன்றாடச் சொற்களை எல்லா மொழியும் அவற்றில்தான் போட்டு வைக்கிறது. பிரெஞ்சில் பெண்பால் சொல்லுக்கு முன் வரும் "என்", இத்தாலியனில் "ஆனால்", ஹங்கேரியனில் "இன்று", எஸ்டோனியனில் "நான்", ஜப்பானியத்தில் "இடைவெளி", எல்லாம் ம-தான். சமஸ்கிருதத்தில் "கூடாது" என்று தடுக்கும் மாவும் உண்டு, திருமகளைக் குறிக்கும் மாவும் உண்டு. மாதவனில் இருப்பது பின்னது என்பது மரபான ஒரு விளக்கம். இத்தனை மொழிகளில் ஒன்றிரண்டு பொருளும் ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

தம்பி கேட்ட குதிரைக்கு வருகிறேன். தமிழில் மா விலங்குக்கே பொதுப்பெயர், யானைக்கும் வரும், குதிரைக்கும் வரும். சீனச் சொல்லோ பழங்காலத்தில் வெறும் மாவாக இல்லை, மகரத்தை ஒட்டி ஒரு ரகரம் இருந்தது என்று அந்த மொழி வரலாற்றை ஆய்ந்தவர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்க வேண்டும். இங்கே விலகுகின்றன. வியட்நாமியக் குதிரை மட்டும் சீனத்திலிருந்து போன கடன்.

தாய் விஷயம் வேறு. பால் குடிக்கும் குழந்தை உதடு மூடியபடி மூக்கால் முனகுவது மகரமாகத்தான் கேட்கும், அதுவே பிறகு பால் வேண்டும், அம்மா வேண்டும் என்று கேட்கும் குரலாகிறது என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். அதனால்தான் தொடர்பே இல்லாத மொழிகளிலும் தாய்க்கு ம வருகிறது. அதுவும் சட்டம் இல்லை: ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, தேதா என்றால் அம்மா!

உறவு எப்படித் தெரியும் என்றால், ஒலி ஒரே ஒழுங்கில் மாற வேண்டும். நம்ம பக்கத்திலேயே பாருங்கள். தமிழில் ப என்று தொடங்குவது கன்னடத்தில் ஹ ஆகிறது: பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு, பூ ஹூ. நல்லம்பள்ளியில் இருக்கும் பள்ளியும் வேப்பனஹள்ளியில் இருக்கும் ஹள்ளியும் ஒன்றே என்று சொல்ல முடிவது இந்த வரிசையால்தான். ஒரு சொல்லை வைத்து யாரும் எதையும் நிரூபிக்கலாம், இருபது சொல் ஒரே மாதிரி அசைந்தால் அதை மறுக்க முடியாது. இந்தக் கணக்கில் நம்ம மாவும் கன்னட மாவும் தெலுங்கு மாமிடியும் ஒரு குடும்பம். மலையாளத்திலும் மரத்துக்கு மாவு என்றே பேர்.

அண்ணா, இங்கிருந்து போனது ஒன்று நிச்சயம் உண்டு, உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள். மாங்காய், மலையாளத்தில் மாங்ங. 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு அவர்கள் வாயில் மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. சொல் நீளம், பொருள் அதே, பண்டமும் வழியும் தெரியும். அதே போர்த்துகீசியத்தில் சட்டைக் கைக்கும் மங்கா என்றுதான் பேர், அது லத்தீனிலிருந்து வந்தது, தோப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பான் சித்திரக்கதை மங்காவும் அப்படியே, இரண்டு சீன எழுத்து சேர்ந்த சொல்.

காவேரிப்பட்டணம் தோப்பு:
ரொம்ப நன்றி டீச்சர். குதிரையை விட்டுவிடலாம், மாங்காய் கிடைத்ததே போதும், இன்று ராத்திரியே மச்சானுக்கு போன் போடுகிறேன். அப்புறம் இன்னொன்று. எங்கள் தாத்தா பங்கு பிரிக்கும்போது "மாகாணி" என்பார். அதில் இருக்கும் மாவும் அந்த இருபதில் ஒன்றுதானா?

தருமபுரி தமிழாசிரியை:
ஆமாம் அண்ணா. மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதுதான் மாகாணி. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. நில அளவு மாவும் இதே கணக்குத்தான், இருபது மா ஒரு வேலி. தஞ்சாவூர் பக்கம் இன்னும் அப்படிச் சொல்கிறார்கள், நமக்கு ஏக்கரும் சென்ட்டும் பழகிவிட்டது.