வீட்டுச் சமையல் உண்ணும் நாய்க்கு எது பாதுகாப்பு, எந்த இயற்கைச் சத்து தேவை?

கேள்வி: வைகைக்கரை

எங்கள் வீட்டில் வெள்ளையன் என்ற ஆறு வயது ராஜபாளையம் நாய் இருக்கிறான். எடை 24 கிலோ. காலையில் பாலில் ஊறிய ரொட்டி, இரவில் கோழிக்கறியும் சோறும், அதன் மேல் அன்று வைத்த சாம்பாரோ குழம்போ ஒரு கரண்டி என்பதே குட்டிப் பருவம் முதல் அவனுடைய உணவு. சில மாதங்களாக முடி மங்கி உதிர்கிறது, ஓயாமல் சொறிந்துகொள்கிறான், காலையில் எழும்போது பின்னங்கால்களை ஊன்றச் சற்றுத் தயங்குகிறான்.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்ணி விழுவதற்குப் பூண்டு, மூட்டுக்கு மஞ்சள்தூள், முடிக்குத் தேங்காய் எண்ணெய், இரத்தம் ஊறுவதற்குப் பப்பாளி இலைச் சாறு. எல்லாம் நம் அடுப்படிப் பொருள்கள்தாம் என்றாலும், வாயில்லாத ஜீவனிடம் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. இவற்றுள் எது பாதுகாப்பானது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வாசற்படி

ஐயா, சேர்க்க வேண்டியதைப் பிறகு பார்க்கலாம். அந்த ஒரு கரண்டிக் குழம்பை இன்றே நிறுத்திவிடுங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே வேளையில் தின்ற நாய்களிடம் பாதிப்பு காணப்படுகிறது. வெள்ளையனுக்கு அது 120 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் இரண்டு. அதைவிடக் குறைவாக நாள்தோறும் கொடுத்து வந்தாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்து முடிந்த இரவில், மீந்துபோன வெங்காயப் பச்சடியை எங்கள் நாய்க்கு என் கையாலேயே வைத்தேன். மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போயிற்று. சிகிச்சையால் பிழைத்தாள் என்றாலும், அந்த வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

புளியும் அப்படித்தான். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை 2022இல் பதிவு செய்தார்கள். ஆகவே சாம்பார், ரசம், புளியோதரை மூன்றும் வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் வேண்டாம். நான் உப்பு, புளி, வெங்காயம் சேர்ப்பதற்கு முன்பே கறியிலும் காயிலும் அவள் பங்கை எடுத்து வைத்துவிடுகிறேன். தோல் நீக்கிய கோழி, அவித்த முட்டை, மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் தயிர் ஆகியவை அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கின்றன. வெந்த கோழி எலும்பை மட்டும் போடாதீர்கள். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

மறுமொழி: கால்நடை மருத்துவர், நாமக்கல்

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சொறிச்சலுக்கும் முடி உதிர்வுக்கும் உண்ணி, தோல் பூச்சி, ஒவ்வாமை, தைராய்டு குறைபாடு என்று பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், தோலையும் இரத்தத்தையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். ஆறு வயதில் கால் இறுகினால் மூட்டுத் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

பூண்டு உண்ணியை விரட்டும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலே நாய்களுக்கு இரத்தசோகையைக் கொண்டுவருகிறது. அந்த நிலையில் சிவப்பணுவைச் சிதைக்கும் பொருளையும் ஊட்டுவது இரட்டைக் கேடு. பப்பாளி இலைச் சாற்றை நம்பி நாள்களைக் கடத்திவிட்டு, இரத்தம் உறைய உதவும் தட்டணு மிகவும் குறைந்தபின் நாயைத் தூக்கி வருபவர்களைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. உண்ணி வழியாகப் பரவும் எர்லிக்கியா என்ற கிருமிதான் என்று உறுதியானால் ஏறத்தாழ நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். சாறு அதற்கு மாற்றாகாது.

மஞ்சள் ஒரு சிட்டிகை கெடுதல் செய்யாது, ஆனால் அதிலுள்ள குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேர்வதால் மூட்டுவலிக்கு அதை நம்பியிருக்க முடியாது. தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 40 கலோரி தரும் வெறும் கொழுப்பு. வெள்ளையனுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 1,200 கலோரி அளவுதான். கூடுதல் எடை மூட்டை மேலும் வருத்தும். கொழுப்பு மிகுந்தால் கணைய அழற்சியும் வரக்கூடும்.

தோலுக்கும் மூட்டுக்கும் ஓரளவு நல்ல சான்று உள்ளது மீன் எண்ணெய்க்கு. அதைவிட எளிய வழி, வாரம் இரண்டு மூன்று நாள் மத்தி மீனைக் குடல் நீக்கி, உப்பில்லாமல் குக்கரில் முள் மாவாக மசியும் வரை வேகவைத்துக் கொடுப்பது. மீன் எண்ணெயை மாத்திரையாகக் கொடுத்தால், அதிலுள்ள இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 1 கிராமில் தொடங்குங்கள். இந்த எடைக்கு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் உச்ச வரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் ஏ, டி உயிர்ச்சத்துகள் மிகுந்திருப்பதால் அதை வாங்கிவிடாதீர்கள்.

வெள்ளையன் உணவில் உண்மையில் இல்லாதது, உறவினர் எவரும் சொல்லாத கால்சியம். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. சோறும் அதை ஈடுசெய்யாது. வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரி உணவில் 1.25 கிராம் கால்சியமாவது இருக்க வேண்டும் என்பதால் வெள்ளையனுக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் வேண்டும். முட்டை ஓட்டுத் தூளில் ஐந்தில் இரண்டு பங்கு கால்சியம் இருப்பதால், சுமார் 4 கிராம் தூள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, போதும். இது கால்சியத்தை மட்டுமே தரும். துத்தநாகம், அயோடின், ஈ உயிர்ச்சத்து போன்றவற்றுக்கு உங்கள் மருத்துவரிடம் நாய்களுக்கான கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர்: வைகைக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குழம்பை நேற்றே நிறுத்திவிட்டோம். முதல் வேளை தட்டை முகர்ந்துவிட்டுப் போனவன், இரவு பூசணியோடு பிசைந்து வைத்ததும் முழுவதும் தின்றான். வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறோம். ஓட்டுத் தூளை எப்படிச் செய்வது? என் தம்பி வீட்டில் மூன்று மாத லாப்ரடார் குட்டிக்குத் தீவனத்துடன் கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறார்கள். அதற்கும் இந்தத் தூளைச் சொல்லலாமா?

மறுமொழி: கால்நடை மருத்துவர், நாமக்கல்

ஓடுகளைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, மிக்சியில் திருநீறுபோல் மென்மையாகும் வரை அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் பரிசோதனை முடிவு வந்தபின் தொடங்குங்கள்.

தம்பியின் குட்டிக்குத் தூளும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான தீவனத்தில் தேவையான கால்சியம் முன்பே இருக்கிறது. அந்த வயதில் குடல், மிகுதியான கால்சியத்தைத் தடுக்கும் திறனை முழுமையாகப் பெற்றிருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கும், கால்கள் வளைந்துபோகவும் கூடும். டானிக் ஊற்றத் தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தால், குட்டியின் முன்னங்கால்களை ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.