'செனோவெத்' என்ற பெயரை எங்கே சந்தித்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

மருதமரம்:
இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில், ரெட்ரூத் பக்கம் நர்ஸாக இருக்கிறேன். ட்ரெ, பொல், பென் என்று தொடங்கும் குடும்பப்பெயர்கள் இங்கே தெருவுக்கு நாலு உண்டு. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது செனோவெத் பற்றி. இந்த மாவட்டத்தைத் தாண்டினால் அபூர்வமாகத்தான் காதில் விழும் பெயர்.

இரவுப் பணி. புதிதாகச் சேர்ந்த ஒரு தாத்தா, எண்பதைத் தாண்டியவர். மாத்திரை கொடுக்கும் முன் கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்க வேண்டும். நான் முதல் அசையில் அழுத்தி, "செ"னோவெத் என்று வாசித்தேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. என் கையைப் பிடித்து, புறங்கையில் ஒரு விரலால் தட்டினார். மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று, மெதுவாக ஒன்று. செ-"னோ"-வெத்.

"எங்கள் பழைய கார்னிஷ் மொழியில் சி என்றால் வீடு. நோவெத் என்றால் புது. நீ வீட்டை அழுத்திவிட்டுப் புதுவை விட்டுவிட்டாயே அம்மா" என்றார். பிறகு, "உங்கள் வீட்டுக்கு ஊரில் ஏதாவது பெயர் உண்டா?" என்று கேட்டார். இல்லை, கதவு எண்தான் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

காலையில் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அம்மா கோபமாக, "பாட்டி வீட்ட ஊர்ல என்னன்னு சொல்வாங்க, மறந்துட்டியாடி? புது வீடு! புதுவீட்டுப் பேத்தி வந்துட்டான்னுதானே உன்னைக் கூப்பிடுவாங்க" என்றார். கட்டி எண்பது வருடம் ஆன வீடு, இன்னும் புது வீடுதான்.

அன்று இரவு ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். தாத்தாவை மதியமே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இரண்டு மாதம் ஆகிறது, மனசு ஆறவில்லை. இந்தப் பெயரையோ இதுபோன்ற பெயரையோ சந்தித்தவர்கள் எழுதுங்கள்.


ஏரிக்கரை:
நான் மிச்சிகனில் இருக்கிறேன். என்னுடன் வேலை பார்ப்பவருக்கு இதே பெயர். அமெரிக்காவில் எல்லோரும் முதல் அசையைத்தான் அழுத்துவார்கள், நடிகை க்ரிஸ்டின் செனோவெத் பெயரைச் சொல்வதுபோல. இவர் குடும்பம் மாநிலத்தின் வடக்கே, மேல் தீபகற்பத்துச் செம்புச் சுரங்கங்களுக்கு வந்த குடும்பம். அங்கே இன்றும் பாஸ்டி விற்கும் கடைகள் உண்டு. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்து மடித்து, ஓரத்தை நம் சோமாசு மாதிரி முறுக்கிச் சுடுவது.

ஒருநாள் மதியம் பாஸ்டி சாப்பிட்டுக்கொண்டே, எங்கள் முன்னோர் ஒரு பிரெஞ்சுப் பிரபு என்றார். எனக்குப் பெயர்களில் ஆர்வம் என்பதால் முந்தைய வாரம்தான் தேடிப் படித்திருந்தேன். "அதெல்லாம் இல்லை, கார்னிஷ் மொழியில் புதுவீடு என்று அர்த்தம், ஏதோ ஒரு பண்ணையின் பெயர்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த பாஸ்டியைக் காகிதத்தில் வைத்தார். முறுக்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "அப்பா கடைசியாக என்னிடம் சொன்ன கதை அது" என்றார்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.


ஒய்நூல்:
ஏரிக்கரை, நீங்கள் சொன்னதில் தப்பில்லை. கதையைவிட ரத்தம் சரியாகச் சொல்லும்.

நான் சில வருடம் லெஸ்டரில் மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தேன். குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமும் அப்படித்தான். 2000-ல் பிரையன் சைக்ஸ் என்ற ஆய்வாளர் தன் சொந்தப் பெயரையே எடுத்து, சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்தார். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் இருந்தது. 2009-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 40 பெயர்களைச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சோதித்து வெளியிட்டார்கள். ஸ்மித் போன்ற பொதுப் பெயரில் உறவு ஒன்றும் தெரியவில்லை. அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயரில் பெரும்பாலானோர் ஒரே வழி. பெயர் எவ்வளவு அபூர்வமோ, வேர் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். செனோவெத்தும் ஒரே குடும்பத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

என் அனுபவம் சின்னது. ஒரே அபூர்வப் பெயருள்ள இரண்டு பெரியவர்கள் (பெயரைச் சொல்ல மாட்டேன்) முடிவு கேட்க வந்திருந்தார்கள். அதற்குள் அண்ணன் தம்பி என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு பொருந்தவில்லை. மூத்தவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி, அப்போ நாம் நண்பர்களாக இருந்துவிடலாம்" என்றார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.


தோட்டத்துவீடு:
ஒய்நூல், அட்டன்பரோவையும் செனோவெத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இங்கேதான் எனக்கு மறுப்பு.

புதுவீடு என்ற பெயர் ஒரே இடத்திலா இருக்கும்? நம் ஊரில் எத்தனை புதுவீடு, எத்தனை மேலவீடு! கார்ன்வாலில் சைனோவெத் (செனோவெத்தின் இன்னொரு வடிவம்) என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பண்ணைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் குடியிருந்தவர்கள் அந்தப் பெயரை எடுத்திருக்கலாம். பெயர் அபூர்வம் என்பதால் வேர் ஒன்று என்று ஆகிவிடாது. ஒரு சின்ன நிலப்பரப்புக்குள், ஒரு சின்ன மொழிக்குள் பிறந்த பெயர் என்பதால் அபூர்வம்.

அந்தப் பெயரிலேயே மொழியின் வரைபடம் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் புதுவீடு 'டீ நெவித்'. பிரிட்டனி மொழியில் 'டி நெவே'. மூன்றும் அக்கா தங்கை மொழிகள். கார்னிஷில் மட்டும் அந்த 'ட' காலப்போக்கில் 'ச்ச' ஆகிவிட்டது. ('சட்டை'யின் ச இல்லை, 'அச்சு'வில் வரும் ச.) அதனால்தான் சை, செ என்று தொடங்கும் வீட்டுப் பெயர்கள், கார்னிஷ் கடைசிவரை பேசப்பட்ட மேற்கில் நெருக்கமாக இருக்கின்றன. கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆட்களில் ஒருவராகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777-ல் இறந்தது மவுஸ்ஹோலில், மேற்குக் கோடியில்.

இன்னொன்று. 1602-ல் ரிச்சர்ட் கேரூ கார்ன்வால் பற்றி எழுதிய நூலில் அங்குள்ளவர்கள் பெயர் வைக்கும் முறையைச் சொல்கிறார். முதலில் தன் பெயர், அடுத்து அப்பா பெயர், கடைசியில் குடியிருக்கும் இடம். பெண்டார்விஸில் இருக்கும் தாமஸின் மகன் ஜான் என்றால் ஜான் தாமஸ் பெண்டார்விஸ். வீடு மாறினால் பெயரும் மாறியதாம். ஊர், அப்பா பெயர், தன் பெயர் என்ற நம் வழக்கத்தைத் தலைகீழாகப் போட்டதுபோல இல்லையா? அப்படி இடத்தோடு மாறிய பெயரில் போய் ஒரே ரத்தத்தைத் தேடினால் எப்படி?

என் அனுபவத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பென்சான்ஸ் பக்கம் தங்கியிருந்தபோது, வழிகாட்டிப் பலகையில் சைனோவெத் என்று பார்த்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒரு வாயில், ஒரு கருங்கல் சுவர், இரண்டு பசு. ஒரு அம்மா வாளியோடு வந்து, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றார். பெயரைப் பார்க்க வந்தேன் என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டில் எழுத்து உரிந்துபோன இடத்தை முந்தானையால் துடைப்பதுபோல ஏப்ரனால் துடைத்துக் காட்டினார்.


சயனைட்மேடு:
நான் கோலார் தங்கவயல். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வந்ததிலிருந்து மேலே சுரங்கத்தை மேற்பார்த்த கேப்டன்கள் எல்லாம் கார்ன்வால்காரர்கள், கீழே தோண்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். செனோவெத் அங்கே இருந்தாரா என்பது பற்றி நான் பேச வரவில்லை. ட்ரெ, பென் பெயர்கள் பற்றி.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குச் சில வாரம் கழித்து அப்பா என்னைப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். முள்ளை ஒதுக்கி, ஒரு கல்லின் பாசியைச் சாவியால் சுரண்டினார். ட்ரெ என்று தொடங்கும் ஒரு பெயர், கீழே கேம்போர்ன் என்று கார்ன்வால் ஊர் ஒன்றின் பெயர். அப்பா அதைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தார். "இவனுக்கும் ஊரைப் பேரோட சேர்த்துதான் எழுதியிருக்காங்க பாரு" என்றார். தாத்தா புதைந்த இடத்தில் கல்லே இல்லை. அப்பா அந்தக் கல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை.

1866-ல் செம்பு விலை விழுந்த பிறகு கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே. மெக்சிகோவுக்கு அதற்கு முன்பே போய்விட்டார்கள். பூமிக்கடியில் குழி இருந்த இடமெல்லாம் அந்தப் பெயர்கள் கிடக்கும். குழி மூடினால் பெயர் மட்டும் கல்லில் நிற்கும்.


பதிவேடு:
எல்லோரும் உணர்ச்சியாக எழுதுகிறீர்கள், நல்லது. தேட நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். என் அனுபவம் ஒரு வரிதான்: மாமியாரின் குடும்பப்பெயரை மூன்று வருடம் தேடி, கடைசியில் ஒரு எழுத்து வித்தியாசத்தில் கண்டுபிடித்தேன்.

முதலில் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். இந்தப் பெயரே ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்தில் இ, ஐ, ஒய் மூன்று வகையிலும் வரும். கடைசி அசையும் மாறும். அமெரிக்காவில் ஓரிகனின் 'தி டால்ஸ்' நகரத்தை ஒட்டி செனோவித் என்றும் எழுதப்படும் ஓர் இடம் இருக்கிறது. பாதிரியாரோ கணக்கெடுப்பாளரோ காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார், வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்றால் தேவாலயப் பதிவேடுகள், 1538 முதல். ஆனால் கார்ன்வாலில் மெத்தடிஸ்ட் என்ற தனிச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் அதிகம். ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், மெத்தடிஸ்ட் சபையின் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு பெயர் எங்கே அடர்த்தி என்று பார்க்க 1881 கணக்கெடுப்புதான் எல்லோரும் எடுப்பது. 1931 கணக்கெடுப்பு தீயில் போய்விட்டது, 1941-ல் எடுக்கவே இல்லை. அதனால் 1921-ஐ விட்டால் அடுத்தது 1939 பதிவேடுதான். ரெட்ரூத்திலேயே, பழைய மதுபான ஆலை இருந்த இடத்தில், கிரெசன் கெர்னோ என்ற ஆவணக் காப்பகம் 2019-ல் திறந்தார்கள். மருதமரம், உங்களுக்குப் பக்கம்தான். ஒரு விடுமுறை நாளில் போங்கள். பென்சில் மட்டும் கொண்டு போங்கள்.

ஏரிக்கரை, உங்கள் நண்பருக்கு ஒரு தகவல். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்ன்வாலிலிருந்து மேரிலாண்டுக்குப் போன ஜான் செனோவெத் என்பவரின் சந்ததி அமெரிக்காவில் நிறையப் பேர். ஆனால் அவர் குடும்பம் செம்புக்காக வந்தது என்றால் அந்தக் கிளையாக இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.


ஏரிக்கரை:
பதிவேடு, நன்றி. ஆனால் அவரிடம் இன்னொரு திருத்தத்தோடு போய் நிற்க எனக்கு மனமில்லை. இந்த முறை அவர் அப்பாவின் கதையை முழுசாகக் கேட்கப்போகிறேன்.


ஒய்நூல்:
தோட்டத்துவீடு சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பல பண்ணைகள் என்ற வாதம் சரிதான். ஒரே குடும்பம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் பல வேர் என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. ஆரம்பத்தில் ஐந்து குடும்பம் இருந்து, நான்கில் ஆண் வாரிசு இல்லாமல் போயிருந்தால் இன்று ஒரே ஒய்தான் மிஞ்சியிருக்கும்.


மருதமரம்:
கிரெசன் கெர்னோவுக்கு அடுத்த செவ்வாய் போகிறேன், பதிவேடு. சயனைட்மேடு, உங்கள் அப்பா படித்தது என்னை என்னவோ செய்துவிட்டது.

தாத்தா எங்கே என்று வார்டில் விசாரித்தேன். விலாசம் சொல்ல விதி அனுமதிக்காது. ஒரு கடிதம் கொடுத்தால் அவரிடம் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். பாட்டி வீட்டுத் திண்ணையின் படத்தை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதை அச்செடுத்து, பின்னால் நான்கே வரி எழுதினேன். எங்கள் வீட்டுக்கும் பெயர் உண்டு, அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை, அதுவும் உங்கள் பெயர்தான் என்று. உறையின் மேல் அவர் பெயரை எழுதும்போது, நடு அசைக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். நேற்று வார்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.