சருகு கிடந்தால் பூங்கா பாழாகிவிட்டதா?

மண்வாசனை:
நேற்று காலைநடை ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்: "பூங்காவுக்குப் போனேன், மரத்தடியெல்லாம் சருகு, பராமரிப்பு பூஜ்யம்." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. அவரே போட்ட படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்து, மேலே கொக்கி பாதி தேய்ந்து தொங்குகிறது. குழந்தை ஏறினால் என்ன ஆகும்? அது கண்ணில் படவில்லை, சருகு மட்டும் பட்டிருக்கிறது. மரத்தடிச் சருகு குப்பை இல்லை சார். மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அது, மட்கினால் எருவாவதும் அது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கின்றன, அந்த இடத்தைத்தான் தினமும் பெருக்கிப் பெருக்கி மொட்டையாக்கச் சொல்கிறீர்கள்.

காலைநடை:
வந்துவிட்டார் பேராசிரியர். நான் நடக்கப் போகிறவன், மரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகவில்லை. மழை பெய்த மறுநாள் சிமெண்ட் பாதையில் ஊறிய சருகு எப்படி வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் முட்டி நன்றாக இருக்கலாம், எல்லோருக்கும் அப்படி இல்லை. அள்ளுவதற்குத்தான் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அள்ளவில்லை என்றால் பராமரிப்பு இல்லை, அவ்வளவுதான்.

மண்வாசனை:
நேற்று "மரத்தடி", இன்றைக்கு "பாதை". நாளைக்கு மொட்டைமாடியா?

கறார்காரி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று காவலாளிக்கே தெரியாது, குடிநீர்க் குழாய்த் திருகு கையோடு வருகிறது. பெண்களும் வயதானவர்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்கவே முடியாது. அதைப் பற்றி ஒரு வரி உண்டா?

காலைநடை:
கழிப்பறைக்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா. இங்கே சருகு.

மழைக்கிளி:
நான் காலைநடை பக்கம். சருகு வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. கொசு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

மண்வாசனை:
வடிகாலை அடைத்தால் வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள், எதற்கு மரத்தடியைச் சுரண்டுகிறீர்கள்? டெங்கு கொசு முட்டை போடுவது வீசியெறிந்த குவளை, டயர், பூத்தொட்டித் தட்டு மாதிரித் தண்ணீர் நிற்கும் இடங்களில், அதுவும் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அந்தக் குவளைகளைப் போடுவது யார்? மரமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் திரிப்பீர்கள். புல்தரையில் கனமாகச் சருகு மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் புல் மஞ்சளாகிச் செத்துப்போகும், அங்கே வாரத்தான் வேண்டும். வாரியதை எங்கே கொட்டுவது என்பதுதான் கேள்வி. மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுவிட்டால் வேலை முடிந்தது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஓரமாகக் குவித்துக் கொளுத்துகிறார்கள். சுத்தமான காற்றுக்காக நடக்கப் போகிறவர் அந்தப் புகையை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு "ஆகா, பராமரிப்பு" என்கிறார்.

காலைநடை:
புல்தரையில் வாரலாம், பாதையில் வாரலாம், ஆனால் என்னிடம் மட்டும் சண்டை. நன்றி ஐயா, இதைத்தான் நானும் சொன்னேன்.

மண்வாசனை:
இல்லை. நீங்கள் சொன்னது "மரத்தடி". படித்துப் பாருங்கள். பராமரிப்பு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பாருங்கள். 1970களில் புல்தரைகள் புழுதிக்காடாகிக் கிடந்தன. 1980இல் அதற்கென்று ஒரு தனி அமைப்பு தொடங்கி, பிறகு இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். ஒரு பெஞ்ச் உடைந்தால் யாரைக் கேட்பது என்று அங்கே தெரியும். இங்கே யாரைக் கேட்பீர்கள்?

நிழல்விரும்பி:
எதற்கெடுத்தாலும் நியூயார்க்! அதே பூங்காவின் ஒரு புல்வெளியில் 1934 வரை ஆடு மேய்ந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே ஆடு மேய்ந்தால் வரலாறு, இங்கே சருகு கிடந்தால் கேவலமா?

மண்வாசனை:
நிழல்விரும்பி, நீங்கள் யார் பக்கம் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

காலைநடை:
அவர் யார் பக்கமும் இல்லை, போன மாதம் மட்குத்தொட்டி விவாதத்திலும் இப்படித்தான். அது இருக்கட்டும், அந்த விவாதத்தில் மண்வாசனை ஐயாவின் தொட்டி நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். இவர் மட்குவதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்.

மண்வாசனை:
அது சமையலறைக் கழிவு. ஈரக் கழிவோடு காய்ந்த இலை போதுமான அளவு கலக்காவிட்டால் காற்றோட்டம் இல்லாமல் நாறும். அந்தக் காய்ந்த இலையை யாரோ "சுத்தம்" என்ற பெயரில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டதால்தான் எனக்குக் கிடைக்கவில்லை. நான் இதை அப்போதே எழுதினேன். உங்களுக்கு நாற்றம் மட்டும் நினைவிருக்கிறது.

கறார்காரி:
கழிப்பறை?

மழைக்கிளி:
சருகுக்குள் பாம்பு இருந்தால் யார் பொறுப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நாய்கள் வேறு அதைக் கிளறி அங்கேயே அசிங்கம் பண்ணுகின்றன, அழைத்து வருகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நிழல்விரும்பி:
எந்த நாய்? என் நாயைச் சொல்கிறீர்கள் என்றால் நேரடியாகச் சொல்லுங்கள். நான் பையோடுதான் போகிறேன்.

மழைக்கிளி:
நான் யார் பெயரையும் சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் சுருக்கென்கிறது?

மண்வாசனை:
நாய் அசிங்கத்தையும் சருகையும் ஒரே வாக்கியத்தில் போட்டதற்கே மழைக்கிளியோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. காலைநடை, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மரத்தடிச் சருகு மரத்துக்கு என்ன கெடுதல் செய்கிறது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

காலைநடை:
பார்க்க அசிங்கமாக இருக்கிறது. போதுமா?

மண்வாசனை:
போதாது.