ஸாண்ட்ட்ரூப்பர் கவசம்: அழுக்கு ஏத்தின மறுநாளே ஏபிஎஸ் தகட்டில விரிசல், உதவி தேவை

வெண்தகடு:
எல்லாருக்கும் வணக்கம். 1977 ஸ்டார் வார்ஸ் படத்துல பாலைவனத்துல ரோபோக்களைத் தேடி வர்ற ஸாண்ட்ட்ரூப்பர் கவசம் கட்டிட்டு இருக்கேன். வாக்குவம் ஃபார்மிங்ல, அதாவது சூடாக்கின தகட்டைக் காத்தை உறிஞ்சி அச்சு மேல படிய வெச்சு, செஞ்ச வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக், 2 மி.மீ. கனம். வெட்டி, ஒட்டி, வார் மாட்டி, போட்டுப் பார்த்து, எல்லாம் திருப்தியா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் அழுக்கு ஏத்தினேன், அதாவது பாலைவனத்துல அடிபட்ட மாதிரி தெரியப் பெயின்ட் பூசினேன். ஸ்கேல் மாடல் டாங்கிகளுக்குச் செய்வாங்களே, அந்த முறைதான். பழுப்பு எனாமல் பெயின்ட்டை டர்பன்டைன்ல தண்ணியாக் கரைச்சு மேல பூசி, துணியால துடைச்சு எடுத்தேன். ராத்திரி பார்க்க அருமையா இருந்துச்சு. காலையில வயித்துத் தகட்டில பிரஸ் பட்டன் ஓட்டைகளைச் சுத்தி மயிரிழை விரிசல். வலது தொடைத் தகட்டோட மேல் விளிம்பில சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அழுத்தினா டிக்னு சத்தம் கேட்குது. நெஞ்சுத் தகடு, முதுகுத் தகடுல ஒண்ணும் இல்லை. ஆனா அங்க அழுக்கு நகத்தால சுரண்டினாலே உதிருது.

தகடு தரமில்லாததா? இதைக் காப்பாத்த முடியுமா? அடுத்த மாசம் ஒரு சந்திப்புக்குப் போட்டுட்டுப் போகணும். இன்னொண்ணு, ஹெல்மெட்ல பெயின்ட் உதிர்ந்த மாதிரி வெள்ளி நிறத்துல புள்ளி வைக்கலாம்னு இருக்கேன், சரியா வருமா?

கொக்கிவார்:
ரெண்டு விஷயம் சொல்லுங்க. தொடைத் தகட்டை உங்க அளவுக்குச் சிறுசு பண்ணினீங்களா? ஒட்டும்போது கிளாம்ப் போட்டு இழுத்துப் பிடிச்சீங்களா?

வெண்தகடு:
ஆமா. பின்பக்கம் நிறைய வெட்டி எடுத்தேன். ரெண்டு ஓரமும் தானாச் சேரலை, பலமான கிளாம்ப் போட்டுத்தான் சேர்த்து ஒட்டினேன்.

உப்புத்தாள்:
அப்போ தகட்டு மேல பழி போட வேண்டாம். ஏபிஎஸ் இழுவிசையில இருக்கும்போது டர்பன்டைன், எனாமல் தின்னர் மாதிரி திரவம் பட்டா, இழுவிசை அதிகமா இருக்கிற இடத்துல புகுந்து அந்த இடத்தையே திறந்து விட்டுடும். தனியா வெச்ச தகட்டுல ஊத்தினா ஒண்ணும் ஆகாம இருக்கலாம். வளைச்சுக் கட்டிவெச்ச தகட்டுல அதே திரவம் ஒரே ராத்திரியில விரிசல் விடும். உங்க விரிசல் எங்க இருக்குன்னு பாருங்க: பட்டன் இறுக்கின ஓட்டை, வலுவுல வளைச்ச தொடை. இழுவிசை இல்லாத நெஞ்சும் முதுகும் தப்பிச்சது அதனாலதான்.

டாங்கி மாடல்ல அதே முறை பலிக்கக் காரணம், அங்க பிளாஸ்டிக்குக்கு மேல பெயின்ட்டும் நிறமில்லாத வார்னிஷ் பூச்சும் இருக்கும். நம்ம கவசத்துல வெறும் பிளாஸ்டிக்தான் வெளியே தெரியுது.

காப்பாத்தலாம். முதல்ல எல்லா வாரையும் கழட்டி தகடுகளைத் தளர விடுங்க. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவி, எனாமல் வாசனை போற வரைக்கும் காத்தாட வைங்க. அப்புறம் ஒவ்வொரு விரிசலோட நுனியையும் வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுக் கண்டுபிடிங்க. வெள்ளைத் தகட்டுல நுனி லேசுல தெரியாது, விரலால மெல்ல வளைச்சா ஒரு கோடு மின்னும். அந்த நுனியிலேயே 2 மி.மீ. டிரில் பிட்ல ஒரு சின்ன ஓட்டை. கூரான நுனி உருண்டையாப் போனா விரிசல் மேல ஓடாது. நுனி ஓட்டைக்குள்ள அடங்காம, அதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டா பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, மிச்சமான ஏபிஎஸ் துண்டுகளைச் சுரண்டி அசிட்டோன்ல போட்டு மூடி வைங்க. ஊறி, தேன் பதத்துக்கு வந்ததும் விரிசலோட உள்பக்கம் தடவி, மேல ஒரு ஏபிஎஸ் பட்டையை அழுத்துங்க. வெளியே பிதுங்கினதைத் தொடாதீங்க. ரெண்டு நாள் நல்லா இறுகின பிறகு 400, 800, 1500 நம்பர் உப்புத்தாள்னு தேய்ச்சு இறங்கி, பாலிஷ் போட்டா கோடு மறைஞ்சுடும். சன்னலைத் திறந்து வெச்சு வேலை செய்யுங்க, பக்கத்துல நெருப்பு ஆகாது.

கொக்கிவார்:
இதோட தொடைத் தகட்டைப் பிரிச்சே ஆகணும். ஒட்டிட்டு மறுபடி இழுத்துக் கட்டினா பக்கத்துல இன்னொரு இடம் வெடிக்கும். கொதிச்சு இறக்கின தண்ணியில ஓரத்தை முக்கி, இளகினதும் வேணுங்கிற வளைவுக்கு மேலயே கொஞ்சம் வளைச்சு, கையில பிடிச்சபடி பச்சைத் தண்ணியில காட்டுங்க. தடிமனான கையுறை கட்டாயம். ரெண்டு ஓரமும் கிளாம்ப் இல்லாம தானா ஒண்ணையொண்ணு தொடணும், அதுதான் பதம். ஹீட் கன் வேண்டாம், ஒரு நொடி அசந்தா அச்சோட வடிவமே குழைஞ்சுடும்.

வெட்டின ஓரத்தையும் கையால தடவிப் பாருங்க. கத்தியால கோடு போட்டு ஒடிச்ச ஓரத்துல பொடிப்பொடியா வெட்டுவாய் இருக்கும், விரிசல் பிறக்கிறது அங்கதான். உப்புத்தாள் போட்டு மழுங்க விடுங்க. பட்டனைத் தகட்டுல நேரா அடிக்காம, நாடாவுல அடிச்சு நாடாவை இளகுதன்மையுள்ள பசையால உள்பக்கம் ஒட்டிட்டா ஓட்டையே தேவைப்படாது. சூப்பர் க்ளூ இந்த இடத்துக்கு ஆகாது, அசைவு தாங்காம பட்டுனு விட்டுடும்.

நிழல்வீரன்:
சோப்புத் தண்ணியில எனாமல் முழுசாப் போகாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைங்க, சீக்கிரம் முடியும்.

உப்புத்தாள்:
பொறுங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும். கண்ணாடி மாதிரி மின்னுற சில தகடுகள் வெறும் ஏபிஎஸ் கிடையாது, மேல மெல்லிசா ஒரு அக்ரிலிக் அடுக்கு இருக்கும். அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஆகாது, சிலந்தி வலையாட்டம் நுண்விரிசல் விட்டுடும். வெட்டின ஓரத்தை வழவழப்பாத் தேய்ச்சு உருப்பெருக்கியில பார்த்தா ரெண்டு அடுக்கு தெரியும். சந்தேகம்னா மிச்சத் துண்டு ஒண்ணை வளைச்சுக் கிளிப் போட்டு, வளைஞ்ச முதுகுல திரவத்தைத் தடவி ராத்திரி பூரா விடுங்க. பெயின்ட், பசை, துடைக்கிற திரவம், எது புதுசா வந்தாலும் தகட்டைத் தொடுறதுக்கு முன்னாடி இந்தச் சோதனை பண்ணிடுங்க.

நிழல்வீரன்:
அந்த அடுக்கு விஷயம் எனக்குப் புதுசு. அப்போ அவர் சோதனை பண்ணிட்டே துடைக்கட்டும்.

மணல்மேடு:
அழுக்கைப் பத்தி நான் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

ஹெல்மெட்ல வெள்ளி நிறம் வேண்டவே வேண்டாம். அந்தப் படத்துக்குச் செஞ்ச ஸ்டன்ட் ஹெல்மெட்கள் காக்கி நிற ஹெச்டிபிஈ பிளாஸ்டிக், மேல வெள்ளை பெயின்ட். ஹெச்டிபிஈல பெயின்ட் லேசுல பிடிக்காது. அதனால உதிர்ந்த இடத்துல காக்கிதான் எட்டிப் பார்க்கும். கிழிச்ச ஸ்பாஞ்சுல காக்கி அக்ரிலிக்கைத் தொட்டு, பாதியைத் தாள்ல ஒத்தி எடுத்துட்டு, கை படுற கீழ் விளிம்பிலயும் துருத்தின ஓரங்கள்லயும் மட்டும் வைங்க. உடம்புத் தகடு உள்வரைக்கும் வெள்ளை. அங்க உதிர்ற வேலையே இல்லை, கீறலும் புழுதியும்தான்.

புழுதிக்கு அக்ரிலிக் போதும், எனாமலே வேண்டாம். உதிராம இருக்க ஒரு வழி: அழுக்கு உட்காரவேண்டிய இடத்தை மட்டும் மிக மெல்லிய ஸ்டீல் உல்லால லேசா மழுக்குங்க, நாலு பூஜ்ய நம்பர். அந்த மழுங்கலே உராய்வு மாதிரி தெரியும், பெயின்ட்டும் பிடிக்கும். மத்த இடம் அப்படியே பளபளக்கட்டும். மொத்தக் கவசத்துக்கும் மேட் வார்னிஷ் அடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு தாங்காது. பளபளப்புக்குப் பக்கத்துல மங்கல் இருக்கிறதாலதான் திரையில அந்த வெள்ளை அவ்வளவு உயிரோட தெரியுது.

அக்ரிலிக் நிறம்: பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), கொஞ்சம் வெள்ளை. தண்ணியில கரைச்சு ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டா, வழவழப்பான தகட்டுல முத்து முத்தா நிக்காம பரவும். உள்ளங்கை அகலத்துக்குப் பூசுங்க, ஓரம் காய ஆரம்பிச்சதும் ஈரத்துணியால வட்டமாத் துடைங்க, பள்ளத்துல நிக்கிறது நிக்கட்டும். மேலிருந்து கீழே ஒழுகின கோடு போடாதீங்க, அது மழை பெய்யுற ஊருக்கு. இந்தக் காட்சிகளை 1976ல துனிசியாவுல எடுத்தாங்க, இங்க வேணுங்கிறது காத்துல வந்து அப்பின புழுதி. முழங்காலுக்குக் கீழே அடர்த்தி, தொடையோட உள்பக்கம், முழங்கை, உட்கார்ற இடம். நெஞ்சுல ரொம்பக் கம்மி.

மேல முல்தானி மட்டித் தூளைக் காய்ஞ்ச பிரஷ்ல தட்டுங்க. சினிமாவுல புழுதிக்கு ரொம்ப காலமா அதைத்தான் வெச்சிருக்காங்க. முகமூடி போட்டுக்குங்க, நுரையீரலுக்கு நல்லதில்லை. கவசத்துக்கு உள்ளே போடுற கறுப்பு உடையையும் கழுத்து மூடியையும் மறந்துடாதீங்க. தகடு அழுக்கா இருந்து உள்ளே துணி கன்னங்கரேல்னு புதுசா இருந்தா மொத்த உழைப்பும் வீண். ஆரஞ்சு தோள்மூடிக்கும் மடிப்புல கொஞ்சம்.

வெண்தகடு:
எல்லாருக்கும் மனசார நன்றி. தகட்டுல ரெண்டு அடுக்கு இல்லை, வெறும் ஏபிஎஸ்தான். சோதனைத் துண்டுலயும் ஆல்கஹால் ஒண்ணும் பண்ணலை. தொடையைப் பிரிச்சு வெந்நீர்ல வளைச்சேன், இப்போ ஓரம் ரெண்டும் கிளாம்ப் இல்லாமலே சேருது. விரிசல் நுனியில ஓட்டை போட்டு உள்ளே பட்டை ஒட்டியாச்சு. இடது கணுக்கால்ல மட்டும் புது முறையில அழுக்கு ஏத்திப் பார்த்தேன், நகத்தால சுரண்டினா வரலை. ஒரே சந்தேகம்: அதுக்கு மேல பாதுகாப்புக்கு ஏதாவது பூசணுமா?

மணல்மேடு:
அக்ரிலிக் பகுதிக்கு மட்டும், தண்ணியில கரையுற மேட் வார்னிஷை ஸ்பாஞ்சுல ஒத்துங்க, ஓரத்தைத் துணியால கலைச்சு விடுங்க. ஸ்ப்ரே டப்பாவுல பெரும்பாலும் கரைப்பான் இருக்கும், அதை ஒதுக்கிடுங்க. முல்தானி மட்டிக்கு மேல எதுவும் பூச வேண்டாம், ஈரம் பட்டதும் நிறம் செத்துடும். ஒவ்வொரு தடவை போடும்போதும் புதுசாத் தட்டிக்கலாம்.

உப்புத்தாள்:
தொடையை ஒட்டின பட்டை முழுசா இறுகுற வரைக்கும் வார் மாட்டாதீங்க. மாட்டின பிறகு முதல் தடவை அரை மணி நேரம் மட்டும் போட்டு நடந்து, உட்கார்ந்து, கழட்டி, ஓட்டை போட்ட நுனிகளை வெளிச்சத்துல பாருங்க. புதுக் கோடு எதுவும் இல்லைன்னா தாராளமாச் சந்திப்புக்குக் கிளம்பலாம்.