செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் 2012 மாடல் பெட்ரோல் கார், ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. சாவி போட்டதும் டேங்க் பக்கம் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பிளக்கில் ஸ்பார்க் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளும் அசைவதில்லை. ஸ்கேனரில் எரர் கோட் (பிழைக் குறியீடு) எதுவும் வரவில்லை. மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றலாம் என்கிறார். ஸ்பார்க்கே இல்லாதபோது பம்பை மாற்றி என்ன பயன்? எனக்கு, இன்ஜின் சுற்றுவதைக் கண்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் சந்தேகம்.

அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி இது, அதனால்தான் பதற்றம். இரண்டு பின் (pin) கொண்ட இந்தச் சென்சாரை, சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரில் எப்படிச் சோதிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.