இதய அறுவை சிகிச்சைக் கருவிகள் திரும்பப் பெறப்பட்டபோது: எங்கள் அனுபவங்கள்

பெர்ஃப்யூஷனிஸ்ட், அமெரிக்கா:

திறந்த இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது என் வேலை. 2016 அக்டோபர் 13 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் ஹீட்டர்-கூலர் கருவியால் வரக்கூடிய தொற்றைப் பற்றி விடுத்த எச்சரிக்கைக்குப் பிறகு எங்கள் தியேட்டரில் நடந்ததை எழுதுகிறேன்.

நோயாளியின் இரத்தத்தைக் குளிர்விக்கவும் மீண்டும் சூடேற்றவும் எங்கள் இயந்திரத்தின் அருகில் ஹீட்டர்-கூலர் என்ற பெட்டி நிற்கும். அதன் தொட்டி நீர் குழாய் வழியாக வந்து, இரத்தம் ஓடும் பாதைக்கு மறுபுறச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும். இரத்தத்தோடு ஒரு சொட்டுக்கூடக் கலக்காது. கலக்காது என்பதாலேயே அந்த நீரைப் பற்றி நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. சூரிச் மருத்துவர்கள், வால்வு அறுவை சிகிச்சை முடிந்து நெடுநாள் கழித்துக் காய்ச்சலோடு வந்தவர்களிடம் மைக்கோபாக்டீரியம் கைமீரா என்ற கிருமியைக் கண்டு, அதன் தடத்தைப் பின்தொடர்ந்து இந்தத் தொட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். தொட்டி முழுக்க மூடியதல்ல. விசிறிக் காற்றோடு எழும் நுண்துளிகள் திறந்திருக்கும் நெஞ்சின்மேல் போய்ப் படிகின்றன. ஸ்டாக்கர்ட் 3டி (3T) என்ற ஹீட்டர்-கூலர் மாடல் தயாரான ஜெர்மன் தொழிற்சாலையில் 2014 ஆகஸ்டில் எடுத்த மாதிரிகளிலேயே அந்தக் கிருமி இருந்தது. பல நாட்டு நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளின் மரபணு வரிசையும் பிற்பாடு அதே மூலத்தைத்தான் சுட்டியது.

எங்களிடம் இருந்தது வேறு நிறுவனத்தின் கருவி. ஆயினும் எங்கள் பயோமெடிக்கல் இன்ஜினியர் ஒரு மாலையில் காலியான தியேட்டரில் அதை ஓடவிட்டு, தொட்டியின் திறப்பருகே புகை விட்டுக் காட்டினார். விசிறியில் பட்ட புகை மேலெழுந்து, கூரையிலிருந்து இறங்கும் காற்றின் ஓட்டத்தையும் மீறி அறுவை மேஜைவரை வந்து, விளக்கொளியில் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் குழாய் நீரை அறவே நிறுத்திவிட்டு 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த நீரையே ஊற்றினோம். பெட்டியை மேஜையிலிருந்து தள்ளி, விசிறிப் பக்கம் வெளியேற்றும் காற்றுத்துளையை நோக்கி இருக்குமாறு திருப்பி வைத்தோம்.

திரும்பப் பெறுதல் என்றதும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தக் கருவி இல்லாமல் திறந்த இதய அறுவை சிகிச்சையே நடக்காது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு செய்யும் 2,50,000-க்கும் மேற்பட்ட பைபாஸ் சிகிச்சைகளில் அது பயன்பட்டது, அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் சர்ச்சைக்குரிய மாடலில் நடந்தவை. ஆகவே பெரும்பாலான இடங்களில் கருவி நின்ற இடத்திலேயே நின்றது, அதைக் கையாளும் முறைதான் மாறியது. என்னை உறுத்துவது வேறு. உற்பத்தியாளரின் கடிதம் மருத்துவமனைக்கு வந்துவிடுகிறது. ஏற்கெனவே வீடு திரும்பிவிட்ட நோயாளிக்கு யார் சொல்வது?

வால்வு மாற்றப்பட்டவரின் மகள், அமெரிக்கா:

என் அம்மாவுக்கு 2014-இல் வால்வு மாற்றினார்கள். 2017-இன் தொடக்கத்தில் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: நீடித்த காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், காரணமில்லாத சோர்வு இருந்தால் மருத்துவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று. அம்மாவுக்கு அப்போது சோர்வும் வியர்வையும் இருந்தன. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சொல்லிச் சொல்லி அவரை அடக்கி வைத்திருந்தோம். குடும்ப மருத்துவர் அந்தக் கிருமியின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கடிதத்தை நிதானமாகப் படித்து, தொற்றுநோய் நிபுணரைத் தொலைபேசியில் அழைத்தார். அதற்காக அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இது சிக்காது, மைக்கோபாக்டீரியாவுக்கென்று தனியாக வளர்த்துப் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார் நிபுணர். தொற்றுக் கண்டறியப்பட்ட மருத்துவமனைகளிலும்கூட நோயாளிக்கு அது வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்றுவரை தான் என்று கணித்திருந்தார்கள். அந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தொற்று இல்லை, தைராய்டு கோளாறு என்று தெரிந்தது.

இடையில் நான் மருத்துவமனையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அன்று அம்மாவுக்குப் பயன்படுத்தியது எந்தக் கருவி? அவர்களிடம் அப்படிப்பட்ட மூன்று நான்கு இருந்தனவாம். எது யாருக்கு ஓடியது என்ற பதிவு இல்லை என்றார்கள். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே கடிதம் போயிருக்கிறது.

பெர்ஃப்யூஷனிஸ்ட், அமெரிக்கா:

சகோதரி, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. எங்களிடமும் அப்படி எழுதும் வழக்கம் அதற்கு முன் இல்லை. இப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் இயந்திரம் ஓடியதைப் பதியும் பம்ப் தாளிலும் ஹீட்டர்-கூலரின் வரிசை எண்ணை எழுதாமல் நாங்கள் கையெழுத்திடுவதில்லை.

ஓய்வுபெற்ற தாதி, இலண்டன்:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்குள்ள வைத்தியசாலையொன்றின் இருதயப் பிரிவில் வேலை செய்தவள் நான். தம்பியும் தங்கையும் எழுதியதை வாசித்தபோது 1990-களில் எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களுக்குப் பொருத்தியிருந்தது பியோர்க்-ஷைலி வால்வின் ஒரு வகை. 1979 முதல் 1986 வரை உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. உள்ளே ஆடும் வட்டைத் தாங்கிப் பிடிக்கும், பற்றவைத்த சிறு கம்பி சிலருக்கு முறிந்துபோனது. அறுநூறுக்கும் மேற்பட்ட முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தார்கள்.

சந்தையிலிருந்து வால்வை எடுத்துவிட்டார்கள், சரி. நெஞ்சுக்குள் இருப்பதை எப்படி எடுப்பது? மறுபடி சத்திரசிகிச்சை செய்தால் அதிலும் உயிர் போகலாம். ஆகவே வால்வின் அளவு, அது திறக்கும் கோணம், தயாரான காலம், பொருத்தப்பட்டவரின் வயது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, முறியும் ஆபத்து சத்திரசிகிச்சையின் ஆபத்தை மிஞ்சும் ஆட்களுக்கு மாத்திரம் மாற்றச் சொன்னார்கள். வால்வின் விவரம் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு ஒரு நாளில் பதில் சொல்ல முடிந்தது. அட்டை இல்லாதவருக்காகப் பழைய தியேட்டர்ப் பதிவேடுகளைக் கிளறினோம். ஒரு பெண்ணின் ஏட்டில் வால்வு என்று மட்டும் எழுதியிருந்தது. அளவும் இல்லை, இலக்கமும் இல்லை. அவரிடம் என்ன சொல்வதென்று எங்கள் வைத்தியருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்து, வளையத்தின் வடிவத்தைப் பார்த்து வகையை மட்டும் அனுமானித்தார்கள். வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அவர் தீர்மானித்தார். நான் ஓய்வுபெறும்வரை ஆண்டுதோறும் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார்.